ஒட்டுத் தெரியாத படம்

பிப்ரவரி 6

மகாராணிக்கு,

போன்ல பேசினா நான் கத்துவேன், நீ வெச்சிடுவே. மெயில் போட்டா உனக்கு முன்னாடி உன் ஆபீஸ்ல நாலு பேர் படிச்சிடுவாங்க. அதனாலதான் காகிதம். கோழி கிளறின மாதிரி எழுதறேன்னு ஹாஸ்டல்ல திட்டிக்கிட்டே இருப்பியே, அதே கையெழுத்துதான். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படி.

உங்க ஆபீஸ் விழாவுல எடுத்த போட்டோவைப் பார்த்தேன். நீ கண்டுபிடிச்ச மேகத்தை அப்படியே நீலக் கிரீம்ல கேக் மேல வரைஞ்சு, அதைக் கத்தியால வெட்டி, உங்க ஆய்வு மையத்து டைரக்டர் உனக்கு ஊட்டி விடறாரு. உன் உதட்டுல நீலம், அவர் மீசையில நீலம். எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. பொறாமைன்னு நினைச்சுக்கோ, பரவாயில்லை. ஆனா குமட்டினது கேக்கைப் பார்த்து இல்லை.

அது மேகமே இல்லைடி.

உனக்குத் தெரியாதது எதுவும் இதுல இல்லை. ஆனா தெரியாத மாதிரி நடந்துக்கிறே, அதனால பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரியே சொல்லித் தொலைக்கிறேன். சூரியன்ல இருந்து எந்நேரமும் ஒரு காத்து வீசுது. அதுல எலக்ட்ரானைப் பறிகொடுத்த ஆக்ஸிஜன் வருது. பூமியைச் சுத்தி இருக்கிற மெல்லிசான வாயு மேல அது வந்து மோதி, அதுகிட்ட இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்குது. பிடுங்கின கையோட எக்ஸ்ரே வெளிச்சம் விடுது. நம்ம தொலைநோக்கி மேல சுத்திக்கிட்டே தூரத்து வானத்தைப் பார்க்கிறப்ப, இந்தப் பக்கத்து வீட்டு வெளிச்சமும் உள்ளே வந்து உட்கார்ந்துக்குது. நீ மேகம்னு சொல்ற, நம்ம கேலக்ஸிக்கு வெளியில கொதிக்கிற வாயுவுக்கும் இதே நிறம்தான். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தொலைநோக்கிக்குத் தெரியாது. அதைப் பார்க்கிற ஆளுக்குத் தெரியணும்.

நீ பார்த்த அதே இடத்தை இன்னொருத்தரும் பார்த்திருக்கார். ஒரு சின்ன நட்சத்திரத்துக்காகப் பார்த்தவர். நட்சத்திரத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டு, சுத்தி இருக்கிற வெறும் வானத்தைத் தூக்கிப் போட்டுட்டார். அடுத்தவங்க தூக்கிப் போட்ட பின்னணியைச் சேர்த்து வெச்சுப் பார்க்கிறதுதான் இப்ப என் பிழைப்பு. அதுக்குப் பேர் வெச்சதே நீதானே, மீட்டிங்ல எல்லார் முன்னாடியும், குப்பை பொறுக்கறாள்னு. சரி, அந்தக் குப்பையைப் பொறுக்கிப் பார்த்தா, உன் மேகம் இருக்க வேண்டிய இடம் இருட்டா இருக்கு. மேகம் லீவு போட்டுட்டு ஊருக்குப் போகாது.

இன்னொண்ணு. உன் படம் ஆறு துண்டை ஒட்டினது, வேற வேற மாசத்துல எடுத்தது. ஒரே சுவத்துக்கு ஆறு நாள் பெயிண்ட் அடிச்சாலே ஒட்டுத் தெரியும். உன் படத்துல எங்கேயும் ஒட்டுத் தெரியலை. அது எப்படிம்மா?

தொலைநோக்கியைக் குளுமையா வெச்சிருக்கிற திரவம் இந்த வருஷத்துக்குள்ள தீருது. அதுக்கப்புறம் அது மேல சுத்தற வெறும் டப்பா. மிச்சம் இருக்கிற கடைசி சீசன் மொத்தத்தையும் உன் மேகத்துக்கே கேட்டிருக்கியாமே. மார்ச்ல நேரம் ஒதுக்கற குழு கூடினதும் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுத்துடுவாங்க. இல்லாத ஒண்ணைப் பார்த்துக்கிட்டே அது கண்ணை மூடணுமா? அதுக்குள்ள நீயே வாபஸ் வாங்கிக்கோ. அடுத்தவங்க வாயால இதை நீ கேட்க வேண்டாம்.

ஒட்டடை

பிப்ரவரி 15

ஒட்டடைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையில் காபிக் கறை. உள்ளேயும் காபிக் கறை. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம், மனசு சரியில்லாத ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்றேன்.

நீ எனக்குப் பாடம் எடுத்ததற்கு நன்றி. நாங்கள் அதையெல்லாம் பார்க்காமலா கட்டுரை எழுதினோம்? ஆறு முறையும் சூரியக் காற்று எப்படி இருந்தது என்று அந்தக் காற்றை அளக்கும் காவல் செயற்கைக்கோளின் எண்களை எடுத்துப் பார்த்தோம். அமைதியாக இருந்தது. எழுதியும் இருக்கிறோம், நாலாம் பக்கம். நீ பொறுக்கிய அந்த நட்சத்திரப் படமோ, தேய்ந்துபோன ஒரு பழைய கருவி கொஞ்ச நேரம் பார்த்தது. அதில் மேகம் தெரியவில்லை என்பதும், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எறும்பே இல்லை என்பதும் ஒன்றுதான்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அதே கடைசி சீசனுக்கு நீயும் விண்ணப்பம் போட்டிருக்கிறாய். குழுவின் செயலாளர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். நீ கேட்டிருப்பது எதை? இந்த அழுக்கு வெளிச்சத்தையே உட்கார்ந்து பார்ப்பதற்கு. என் மேகம் விழுந்தால் உன் அழுக்குக்கு இடம் கிடைக்கும். இதை உன் கடிதத்தில் எங்காவது ஒரு வரி எழுதினாயா? நாலு பக்கமும் நியாயம் பேசிவிட்டு அந்த ஒன்றை மட்டும் முழுங்கிவிட்டாய். கேக் உனக்குக் குமட்டியது என்றாய். எனக்கு உன் கடிதம் குமட்டியது.

ஹாஸ்டலில் உன் கட்டிலுக்கு அடியில் இருந்த டம்ளரில் பூஞ்சை வளர்ந்து மூடி மாதிரி நின்றது. அதை நான்தான் எடுத்துக் கழுவினேன். நீ அப்போதும் சொன்னாய், அது பாட்டுக்கு வளரட்டுமே, எப்படி வளருது பார்ப்போம் என்று. உனக்கு அழுக்கைப் பிடிக்கும். எல்லாவற்றிலும் அதைத்தான் தேடுவாய், தேடினால் கிடைக்கத்தானே செய்யும்.

அந்தப் படம் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, இது என் பொண்ணு கண்டுபிடிச்ச மேகம் என்று காட்டுகிறாள். பக்கத்து வீட்டு டாக்டரை இரண்டு முறை நிற்கவைத்துக் காட்டிவிட்டாள். இதையும் உன் குப்பையில் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு, நீ வைத்த பெயரில்,
மகாராணி

பிப்ரவரி 22

மகாராணி,

ஆமா, விண்ணப்பம் போட்டிருக்கேன். உன்கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லலை. சொன்னா நீ மிச்சத்தைப் படிக்க மாட்டேன்னு விட்டுட்டேன். இப்பவும் அதை வாபஸ் வாங்க மாட்டேன். அந்த சீசன் எனக்கு வேணும், ரொம்ப வேணும். எனக்கு வேணும்ங்கிறதால உன் மேகம் நிஜமாயிடுமா?

காத்து அமைதியா இருந்துச்சுங்கிறே. நாலாம் பக்கத்தை நானும் படிச்சேன். எவ்வளவு காத்து வந்துச்சுன்னு பார்த்திருக்கே. அதுல என்ன சரக்கு வந்துச்சுன்னு பார்க்கலை. அந்தச் செயற்கைக்கோள்லயே இன்னொரு கருவி இருக்கு, ஆக்ஸிஜனை மட்டும் எண்ணும். அந்த எண்ணை எடுத்துப் பாரு. காத்து சாதுவாத்தான் வந்திருக்கு, மூட்டையில ஆக்ஸிஜனை அடைச்சுக்கிட்டு வந்திருக்கு. லாரி மெதுவா போச்சு, அதனால உள்ளே சரக்கு இல்லைன்னு நீ சொல்றே. உன்னை மாதிரி ஒருத்தி இதை விட்டிருக்கான்னா, பார்க்க மனசு வரலைன்னு அர்த்தம். அதுதான்டி எனக்கு அருவருப்பா இருக்கு. தப்பு எல்லாரும்தான் பண்றோம். நீ மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கமே போகலை.

என் நட்சத்திரப் படம் தேஞ்ச கருவி, சரி, தூக்கிப் போடு. என் பேச்சே வேண்டாம். உன் ஆறு துண்டையே எடு. ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டு மேல ஓரத்துல கொஞ்சம் ஏறி நிக்குதில்லையா? அந்த ஓரம் ஒரே வானம், ரெண்டு தடவை எடுத்தது. வானம் மாறாது. ரெண்டு தடவையும் ஒரே வெளிச்சம் இருந்தா மேகம் உன்னுது, நான் நேர்ல வந்து உங்க அம்மா முன்னாடி அந்தப் படத்தைத் துடைச்சு வெச்சுட்டுப் போறேன். வேற வேற வெளிச்சமா இருந்தா அது வானம் இல்லை, நம்ம பூமி வாசல்ல எரியற வெளிச்சம். ஆனா ஒட்டுறதுக்கு முன்னாடி இருந்த துண்டைப் பாரு. சரிபண்ணினதைப் பார்க்காதே.

குழு கூடறதுக்கு முன்னாடி நீ பார்க்கலைன்னா நான் அவங்களுக்கு எழுதிடுவேன். என் விண்ணப்பத்தைப் பத்தியும் சேர்த்தே எழுதுவேன். என்னைக் கேவலமா நினைச்சா நினைச்சுக்கட்டும்.

டம்ளர் விஷயம். அதைக் கழுவினதுக்கு நான் உனக்கு நன்றியே சொல்லலை. இப்பவும் சொல்றதா இல்லை. நல்லா வளர்ந்துக்கிட்டு இருந்துச்சு.

ஒட்டடை

மார்ச் 1

ஒட்டடைக்கு,

இதற்குப் பெயர் மிரட்டல்.

உன் விண்ணப்பத்தையும் சேர்த்து எழுதுவாயாம். பெருந்தன்மை வழிகிறது, துடைத்துக்கொள்.

நாம் பட்டம் வாங்கிய அன்று எடுத்த போட்டோ இத்தனை நாள் என் மேஜையில் இருந்தது. உறையில் வைத்திருக்கிறேன். உன்னிடமே இருக்கட்டும். இனி எழுதாதே.

மகாராணி

மார்ச் 19

ஒட்டடை,

எழுதாதேன்னு சொன்னவளே எழுதறேன்.

உன்னைப் பொய்யாக்கணும்னுதான் உட்கார்ந்தேன். படத்தை ஒட்டிக் கொடுத்த நம்ம பொறியாளரைக் கூப்பிட்டு, சரிபண்ணாத துண்டுகளை எடுத்துக் கொடுங்கன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எந்தத் துண்டு மேடம், நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே அதுவான்னார். அப்பதான் எனக்கே ஞாபகம் வந்துச்சு.

முதல் தடவை ஒட்டிக் கொண்டுவந்து காட்டினப்ப ஒட்டு பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஒரு துண்டு வெளிச்சம், மத்ததெல்லாம் மங்கல். பழைய துணிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு, பார்க்கவே சகிக்கலை, எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டாங்கன்னு நான்தான் சொன்னேன். எந்த மட்டத்துக்குன்னு அவர் கேட்டார். நல்லா இருக்கிற மட்டத்துக்குன்னேன். அதாவது வெளிச்சமான துண்டுக்கு. மங்கலா இருந்த அஞ்சையும் தூக்கி அது உயரத்துக்கு நிறுத்தினோம். கருவி வித்தியாசத்தைச் சரி பண்ணினதா கட்டுரையில ஒரு வரி எழுதினோம். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பறதுக்கு வசதியா இருந்துச்சு.

இப்ப அந்த மட்டத்தை எடுத்துட்டு ஓரங்களைப் பார்த்தேன். ஒரே வானம், ஒரு தடவை வெளிச்சம், இன்னொரு தடவை கிட்டத்தட்ட இருட்டு. நீ சொன்ன ஆக்ஸிஜன் எண்ணையும் எடுத்தேன். வெளிச்சமான துண்டு எடுத்த அன்னிக்கு எண் தலைக்கு மேல நிக்குது. மேகம் அந்த ஒரு நாள் சமாசாரம். மத்த அஞ்சுலயும் இருந்தது நான் பூசினது. எழுந்து போய்க் கையைக் கழுவிட்டு வந்தேன். மறுபடியும் கழுவினேன். கையில என்ன இருக்கு கழுவறதுக்கு?

குழு கூட்டத்துல நானே எழுந்து சொல்லிட்டேன். உன் பேரைச் சொல்லித்தான் சொன்னேன், ஒட்டடைன்னு இல்லை, முழுப் பேர். கட்டுரையைத் திரும்ப வாங்கறேன்னும் சொன்னேன். அதுக்கப்புறம் நடந்ததுதான் இன்னும் அசிங்கம். டைரக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, அவசரப்படாதே, படம் பாடப் புத்தகத்துக்கு எல்லாம் போயிடுச்சு, சின்னதா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்னார். அன்னிக்கு ஊட்டி விட்ட அதே கை, என் தோள்மேல. தட்டி விட்டுட்டேன். அவர் முகத்துல பரிதாபம். என் மேல பரிதாபப்படறதுக்கு அந்த ஆளுக்கு என்ன யோக்கியதை?

என் விண்ணப்பம் போயிடுச்சு. கடைசி சீசன் உன் அழுக்குக்கு. அதைப் பரிந்துரை பண்ணினதும் நான்தான், என்னைத் தவிர அந்த அறையில யாருக்கும் அது புரியலை. உனக்குச் செஞ்ச உதவின்னு நினைச்சுடாதே, உன் மேல இன்னும் கோபம்தான். நீ சொன்னது சரியா இருந்துச்சு, அதுவே எனக்குப் போதுமான எரிச்சல்.

அம்மாகிட்ட சொன்னேன். அது மேகம் இல்லைம்மா, நான் தப்பாப் பார்த்துட்டேன், கழட்டிடலாம்னேன். ஆணி அடிச்சாச்சு, இருக்கட்டும்னாள். அதுக்கப்புறம் டாக்டர் வந்தப்ப மட்டும் அது முன்னாடி நின்னு மறைச்சுக்கிட்டாள். அதைப் பார்த்தப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு.

மகாராணின்னு கையெழுத்துப் போட இன்னிக்குக் கூசுது.

மார்ச் 27

மகாராணி,

அந்தப் பேர் நான் வெச்சது, நான் சொல்ற வரைக்கும் மாத்த உனக்கு உரிமை இல்லை.

உன் கடிதத்தைப் படிச்சா சந்தோஷமா இருக்கும்னு நினைச்சிருந்தேன். இல்லை. என் வீட்டுக்காரர் கேட்டார், நீதானே ஜெயிச்சே, ஏன் மூஞ்சி இப்படி இருக்குன்னு. எனக்கும் தெரியலைன்னேன். நீ அந்த அறையில தனியா எழுந்து நின்னதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். நான் அங்கே இருந்திருக்கணும். இருந்திருந்தா அந்த டைரக்டர் மீசையைப் பத்தி ஏதாவது சொல்லியிருப்பேன்.

பார்க்க எந்த இடம் வேணும்னு கேட்டாங்க. உன் இடத்தையே கொடுத்துட்டேன், அந்த வெளிச்சமான துண்டை. நல்ல எண்ணம்னு நினைச்சுக்காதே. திரும்பத் திரும்ப அதையே பார்த்து, அழுக்கு முழுசையும் கழிச்சு, கீழே ஒண்ணுமே இல்லைன்னு காட்டி உன் மேகத்தை ஒரேயடியா புதைச்சுடணும். இல்லைன்னா பத்து வருஷம் கழிச்சு வேற எவனாவது அதைத் தோண்டி எடுத்து அவன் பேரைப் போட்டுக்குவான்.

போட்டோவைத் திருப்பி அனுப்பலை. என் மேஜையில காபி டம்ளருக்குக் கீழே இருக்கு. உன் மூஞ்சி மேல வட்டமா கறை.

ஒட்டடை

ஜூன் 8

ஒட்டடை,

கறையைத் துடை.

இங்கே எனக்கு அறை மாத்திட்டாங்க. பழைய கம்ப்யூட்டர் எல்லாம் அடுக்கி வெச்சிருக்கிற அறை, ஜன்னல் கிடையாது. எலி இருக்கு. யாரும் என்கிட்ட கோபமா பேசறதில்லை, அதான் தாங்கலை. எல்லாரும் ரொம்ப மரியாதையா ஒதுங்கிப் போறாங்க. கேக் தின்ன அத்தனை பேரும், எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சுங்கிறாங்க.

புதைச்சு முடிச்சதும் சொல்லு. அதைக் கேட்டுட்டா நான் வேற வேலை பார்ப்பேன். கேட்கிற வரைக்கும் வேற எதுலயும் கை ஓடலை.

மகாராணி

ஆகஸ்ட் 30

மகாராணி,

தொலைநோக்கி போன வாரம் நின்னுடுச்சு. திரவம் தீர்ந்து சூடாகி, கடைசிப் படம் முழுக்க வெள்ளை. நான் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிச்சுட்டேன். இதை எழுத எனக்கே அசிங்கமா இருக்கு, அதனால சுத்தி வளைச்சு வர்றேன், பொறுத்துக்கோ.

உன் இடத்தை சீசன் முழுக்கப் பார்த்தோம். ஆக்ஸிஜன் நிறைய வந்த நாள், கொஞ்சமா வந்த நாள், எல்லா நாளும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஆக்ஸிஜன், எவ்வளவு வெளிச்சம்னு புள்ளி வெச்சேன். புள்ளி எல்லாம் சமர்த்தா ஒரு கோட்டுல வந்து நின்னுச்சு. காத்து ஏறினா வெளிச்சம் ஏறுது, இறங்கினா இறங்குது. உன் மேகம் அத்தனையும் நம்ம வாசல் புகைன்னு எழுதி, கையெழுத்தும் போட்டு வெச்சுட்டேன். அப்புறம் அந்தக் கோட்டைக் கீழே இழுத்துப் பார்த்தேன். காத்தே வீசாத நாள்னு ஒண்ணு இருந்தா அன்னிக்கு எவ்வளவு மிஞ்சும்னு. பூஜ்யத்துல போய் நிக்கணும்.

நிக்கலை. கொஞ்சம் மேலேயே நின்னுடுச்சு.

தப்புப் பண்ணிட்டேன்னு திரும்பப் போட்டேன். அப்படியேதான். உன் படத்துல இருந்த வெளிச்சத்துல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. கேக் மேல வரைஞ்சா கிரீமே வேண்டாம். ஆனா ஏதோ இருக்கு, போக மாட்டேங்குது.

அப்ப நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கெட்ட நாள் தேட ஆரம்பிச்சேன். அன்னிக்குக் கருவி கொஞ்சம் சூடா இருந்துச்சு, எடுத்துடு. அன்னிக்குத் தொலைநோக்கி பார்வையோட ஓரத்துல பூமி வந்துச்சு, எடுத்துடு. ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருந்துச்சு, நல்ல காரணம், யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. எடுக்க எடுக்கக் கோடு சமர்த்தா பூஜ்யத்துக்கு இறங்குது. கிட்டத்தட்டத் தொட்டுடுச்சு. வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டார், எழுந்து போய்க் கையைக் கழுவறேன், அப்ப உன் கடிதம் ஞாபகம் வந்துச்சு. மறுபடியும் கழுவினேன்னு எழுதியிருந்தியே, அந்த வரி. சாப்பிடாம திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

உனக்கு அங்கே ஒண்ணு இருக்கணும், அதனால பூசினே. எனக்கு அங்கே ஒண்ணும் இருக்கக் கூடாது, அதனால துடைச்சேன். குப்பை பொறுக்கின்னு நீ சொன்னதுக்கு இத்தனை வருஷம் கறுவிக்கிட்டு இருந்தேன். பொறுக்கியிருந்தாலாவது பரவாயில்லை, நான் தூக்கிப் போட ஆரம்பிச்சேன்.

எடுத்த நாளை எல்லாம் திரும்ப உள்ளே போட்டுட்டேன். மேல எதையும் தொடலை. இனி இதுல என் கையை நான் நம்ப மாட்டேன், உன் கையையும் தனியா விட மாட்டேன். ரெண்டு பேரும் ஒரே மேஜையில உட்கார்ந்து, எந்த நாள் கெட்ட நாள்னு கோட்டைப் பார்க்காம முதல்லயே பேசி முடிவு பண்ணணும். நீ ஒண்ணைச் சேர்க்கச் சொன்னா நான் சண்டை போடறேன், நான் ஒண்ணை எடுக்கச் சொன்னா நீ போடு. கடைசியில பூஜ்யத்துக்கு வந்துச்சுன்னா புதைச்சுடுவோம். வரலைன்னா உங்க அம்மா டாக்டரைக் கூப்பிட்டு உட்கார வெச்சே காட்டட்டும். புதுப் படத்தை அனுப்பறேன், ஒட்டு எல்லாம் அப்படியே இருக்கு, பார்க்கச் சகிக்காது.

என் அறை உனக்குப் பிடிக்காது. மேஜைக்குக் கீழே என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது, நாற்காலியில உட்காரணும்னா உன் கைக்குட்டையை விரிச்சுக்கோ. எலி மட்டும் இல்லை.

சீக்கிரம் வா. கோடு இன்னும் பூஜ்யத்துக்கு மேலேதான் நிக்குது, தினம் காலையில வந்து அதைப் பார்க்கிறேன், கை அரிக்குது. நான் துடைக்கிறதுக்குள்ள வந்துடு.

ஒட்டடை